பாட்டிலில் என்ன இருக்கிறது?

“கீமோவை நிறுத்தச் சொல்லலீங்கம்மா. அதோட சேர்த்து இதையும் ஏத்திக்கோங்கன்னுதான் சொல்றோம்.”

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு வியாபாரமே நடக்கிறது. கை நரம்பில் ஊசி குத்தி கிராம் கணக்கில் வைட்டமின் சி ஏற்றுகிறார்கள். குளூட்டாதையோன் ஏற்றுகிறார்கள். மஞ்சளிலிருந்து பிரித்த குர்குமினை ஏற்றுகிறார்கள். மிசில்டோ என்ற ஐரோப்பிய ஒட்டுண்ணிச் செடியின் சாற்றைத் தோலுக்கடியில் போடுகிறார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது முள்சீத்தா இலைப்பொடி டப்பா ஒன்றும் கைக்கு வரும். மொத்தத்துக்கும் ‘துணை சிகிச்சை’ என்று பெயர். நான் பார்த்த விளம்பரத் தாள்களில் எல்லாம் பெண்கள்தான் சிரிக்கிறார்கள். முடி கொட்டிய தலையில் அழகாகக் கட்டிய துணி, பக்கத்தில் ஒரு மருந்துப் பாட்டில், கீழே கொட்டை எழுத்தில்: ‘உங்கள் உடல், உங்கள் முடிவு.’

அந்த வாசகம் நம்முடையது. கருத்தடை, கருக்கலைப்பு, பிரசவ அறை, பாலியல் வன்முறை என்று எத்தனையோ இடங்களில் பெண்கள் தொண்டை வறளக் கத்திச் சம்பாதித்தது. அதைக் கட்டணச் சீட்டின் தலையில் அச்சடித்து நம்மிடமே விற்கிறார்கள். என் கோபம் அங்கே தொடங்குகிறது.

நான் மருத்துவர் அல்ல. புற்றுநோய் மருத்துவமனைக்குத் தனியாகப் போகப் பயப்படும் பெண்களுக்குத் துணையாகப் பதினோரு வருடமாகப் போய் வருகிறேன். வரிசையில் நிற்பது, ஸ்கேன் எங்கே என்று விசாரிப்பது, டாக்டர் சொன்னதை வெளியே வந்து திரும்பச் சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. அந்த வரிசைகளில் நின்று பார்த்ததையும் தேடிப் படித்ததையும் வைத்து ஒன்றைச் சொல்கிறேன்: எதை ஏற்றுகிறார்கள், அது யாரிடம் சோதிக்கப்பட்டது, முடிவு என்ன என்பதைச் சொல்லாமல் ஒரு பெண்ணிடம் வாங்கும் ‘சரி’ அவளுடைய முடிவு ஆகாது. சான்று கேட்பது பெண்ணியத்துக்கு வெளியே இருக்கும் ஆண் விஞ்ஞானிகளின் சமாச்சாரம் அல்ல. பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது.

அவநம்பிக்கை சும்மா வரவில்லை

மருத்துவத்தைப் பெண்கள் நம்பாமல் போனதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அதை மூடிவிட்டுப் பேசினால் நான் மருத்துவமனைகளின் வக்கீலாகிவிடுவேன்.

அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1890களில் பரப்பிய முறையில், மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து வெட்டியெடுத்தார்கள். கையைத் தூக்க முடியாமல், வீங்கிய கையோடு பெண்கள் வாழ்ந்தார்கள். ஏறக்குறைய 80 ஆண்டுகள் இதுவே அங்கே வழக்கமான வைத்தியமாக இருந்தது. அதைவிடக் கொடியது, ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடும் வழக்கம். கட்டி என்னவென்று பார்க்கத்தான் மயக்க ஊசி போடுகிறார்கள் என்று பெண் படுப்பாள். கண் விழிக்கும்போது மார்பு இருக்காது. அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவளைப் பற்றிய முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

இதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர். 1974இல் தன் மார்பில் கட்டியைக் கண்டபோது, முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவைப் பிறகு பேசலாம் என்றார். பல மருத்துவர்கள் மறுத்தார்கள். அவர் விடவில்லை. எழுதினார், மாநாடுகளில் எழுந்து நின்று கேள்வி கேட்டார். 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவில் நோயாளிகளின் குரலாக உட்கார்ந்தார். சோதனையையும் அறுவையையும் தனித்தனியாகவே செய்ய வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

அடுத்த கேள்வி, மார்பு முழுவதையும் எடுக்கத்தான் வேண்டுமா என்பது. இதற்கு விடை எந்த மருத்துவரின் கருணையிலிருந்தும் வரவில்லை. பெர்னார்டு ஃபிஷர் நடத்திய ஆய்வில் 1,800க்கும் அதிகமான பெண்கள் பங்கேற்றார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பு முழுவதையும் எடுத்தாலும், உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்று 1985இல் முடிவு வந்தது. இன்று நம் ஊரில் ஒரு பெண்ணிடம் “மார்பை எடுக்க வேண்டியதில்லை, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் வைத்தால் போதும்” என்று மருத்துவர் சொன்னால், அதற்குப் பின்னால் முகம் தெரியாத அந்த 1,800 பெண்கள் நிற்கிறார்கள்.

அதே ஆயுதம் மருத்துவமனைகளின் மேலும் பாய்ந்தது. 1990களில் மார்பகப் புற்றுக்கு மிக அதிக அளவில் கீமோ கொடுத்து, பிறகு எலும்பு மஜ்ஜை அணுக்களைத் திரும்ப ஏற்றும் சிகிச்சை அமெரிக்காவில் பெரும் வியாபாரமானது. காப்பீட்டு நிறுவனங்களை நீதிமன்றத்துக்கு இழுத்துப் பல்லாயிரக்கணக்கான பெண்கள் அதைப் பெற்றார்கள். சிகிச்சையின் வேதனையிலேயே இறந்தவர்களும் உண்டு. 1999இல் முறையான ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது சாதாரண கீமோவைவிட எந்தப் பலனும் இல்லை என்று தெரிந்தது. பலன் உண்டு என்று சொன்ன ஒரே தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடி என்பது 2000இல் அம்பலமானது. வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் விற்ற சரக்கையும் தராசில் வைத்துக் காட்டியது சோதனைதான்.

சோதனைகளிலும் அநியாயம் நடக்கும். 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் பகுதியில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுத் தடுப்பூசித் திட்டம் நடத்தியபோது, பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. இதிலிருந்து நான் கற்பது, கையெழுத்து அவளுடையதாக இருக்க வேண்டும், அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும் என்பதை. சோதனையே வேண்டாம் என்பதை அல்ல. விடுதிக் காப்பாளர் போட்ட கையெழுத்துக்காகக் கொதித்த நாம், என்ன ஏற்றுகிறார்கள் என்றே சொல்லாமல் வாங்கும் கையெழுத்துக்கு மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்?

வைட்டமின்தானே!

வைட்டமின் சி கதையை முழுசாகச் சொல்வதே நியாயம். 1976இல் நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங்கும் ஸ்காட்லாந்து மருத்துவர் யூவன் கேமரனும் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முற்றிய நிலையில் இருந்த 100 புற்றுநோயாளிகளுக்கு வைட்டமின் சி கொடுத்து, பழைய மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுத்த 1,000 பேரோடு ஒப்பிட்டார்கள். வைட்டமின் பெற்றவர்கள் பல மடங்கு அதிக நாள் வாழ்ந்தார்கள் என்றார்கள். ஆனால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி நோய்நிலையில் இருந்தவர்கள்தானா என்று உறுதி சொல்ல வழியில்லை. மேயோ கிளினிக் 1979இலும் 1985இலும் முறையாகச் சோதித்தது. பலன் இல்லை.

பாலிங் தரப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. பின்னால் வந்தவர்கள் இன்னொன்றையும் கேட்டார்கள்: மேயோவில் கொடுத்தது வெறும் வாய்வழி மாத்திரைதானே? நியாயமான கேள்வி. வாயால் எவ்வளவு விழுங்கினாலும் ரத்தத்தில் ஓரளவுக்கு மேல் ஏறாது, நரம்பில் ஏற்றினால் பல மடங்கு ஏறும் என்பது பின்னால் நிரூபணமானது. ஆகவே நரம்பு வழியாகவும் சோதித்தார்கள். சீனாவில் பரவிய பெருங்குடல் புற்று உள்ள 442 பேரிடம், கீமோவோடு அதிக அளவு வைட்டமின் சி ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் நோய் கட்டுக்குள் இருந்த காலமும் கூடவில்லை, ஆயுளும் கூடவில்லை. 2024இல் அமெரிக்காவின் அயோவாவில் கணையப் புற்று உள்ள வெறும் 34 பேரிடம் நடந்த சிறிய ஆய்வில், வைட்டமின் ஏற்றியவர்கள் கூடுதல் மாதங்கள் வாழ்ந்தார்கள்.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் வரும் நேர்மையான பதில்: ஒரு புற்றில் பலன் தெரியவில்லை, இன்னொன்றில் ஒரு சின்ன நம்பிக்கை, பெரிய ஆய்வு தேவை. அப்படியானால் அது நடக்க வேண்டிய இடம் ஆய்வுக்கூடம். அங்கே நோயாளி காசு கொடுக்க வேண்டியதில்லை. ரத்தம் சோதிப்பார்கள், பக்கவிளைவை எழுதி வைப்பார்கள், அவள் இறந்தால் அந்த மரணமும் கணக்கில் சேரும். வணிக மையத்தில் கணக்கில் சேர்வது பணம் மட்டும்தான். ‘ஆராய்ச்சி நடக்கிறது’ என்பதை ‘நிரூபணம் ஆகிவிட்டது’ என்று அங்கே மொழிபெயர்த்துவிடுகிறார்கள்.

என் சின்ன அண்ணிக்கு மார்பகப் புற்று. முதல் கீமோ முடிந்து துவண்டு கிடந்தவரை யாரோ சொல்லி அப்படி ஒரு மையத்துக்கு அழைத்துப் போனார்கள். நான்காவது பாட்டிலின்போதுதான் எனக்கே தெரியும். ஒரு பாட்டிலின் விலை அவருடைய மாதச் சம்பளத்தில் பாதி. நான் கூடப் போய்க் கேட்டேன், இதில் எவ்வளவு கிராம் வைட்டமின் இருக்கிறது என்று. “இம்யூனிட்டி நல்லா ஏறும் மேடம்” என்றார் வரவேற்பில் இருந்த பெண். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்தீர்களா? ஜி-6-பி-டி பரிசோதனை செய்தீர்களா? “வைட்டமின்தானே மேடம், அது என்ன பண்ணும்?”

பண்ணும். ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு, அதிக அளவு வைட்டமின் சி ஏற்றினால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து சிதறும். உடலில் வைட்டமின் சி ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியும், அதனால் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு. வீட்டில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கும் சில கருவிகள், ரத்தத்தில் வைட்டமின் சி அதிகமாக இருந்தால் சர்க்கரை கூடிவிட்டதாகப் பொய்க் கணக்குக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அண்ணிக்குச் சர்க்கரை உண்டு. யாரும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டியது வேறு. “உடம்பு கொஞ்சம் தேறட்டும், அடுத்த கீமோவைத் தள்ளிப் போடுங்க” என்று அந்த மையத்தில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வாரம் தள்ளிப்போயிருந்தது. அந்த மூன்று வாரம் அவருக்கு என்ன செய்தது, என்ன செய்யப்போகிறது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

‘கூட’ என்பது எப்போது ‘பதில்’ ஆகிறது

“சேர்த்துத்தானே எடுக்கச் சொல்கிறோம்” என்ற வாக்கியத்துக்கு இங்கேதான் திரும்ப வேண்டும். 2018இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டார்கள். முதலாவது, பரவாத நிலையிலேயே நோய் கண்டறியப்பட்டும் வழக்கமான சிகிச்சையை அறவே மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நாடிய 281 பேரைப் பற்றியது. அவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்தரை மடங்குக்கும் மேல். நேரத்துக்கு வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் பிழைக்கக்கூடிய நோய் என்பதாலேயே, மறுத்தால் இழப்பு அதிகம்.

இரண்டாவதுதான் நம் வாக்கியத்துக்கான பதில். வழக்கமான சிகிச்சையில் ஏதோ ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, கூடவே துணை வைத்தியமும் செய்த 258 பேரை, அது இல்லாத 1,032 பேரோடு ஒப்பிட்டார்கள். துணை வைத்தியம் செய்தவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்திருந்தார்கள். மற்றவர்களில் மறுத்தவர்கள் 3 சதவீதம். கதிர்வீச்சை மறுத்தவர்கள் 53 சதவீதம், மற்றவர்களில் 2 சதவீதம். இறக்கும் ஆபத்து இரண்டு மடங்கு. இப்படி மறுத்ததையும் தாமதித்ததையும் கணக்கில் எடுத்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது, கொல்வது பெரும்பாலும் அந்தச் செடியோ வைட்டமினோ அல்ல. அது திறந்துவிடும் கதவு. ‘கூட’ என்று உள்ளே வருவது, ஒவ்வொரு கீமோவாகத் தள்ளிப்போட்டு, ‘பதிலாக’ வந்து உட்கார்ந்துவிடுகிறது.

உண்மையிலேயே கூட எடுத்தாலும் கேள்வி தீரவில்லை. குளூட்டாதையோன் சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளைப் பிடித்துச் செயலிழக்க வைக்கக்கூடியது. புற்றணுக்கள் மருந்துக்கு அடங்காமல் போகும் வழிகளில் ஒன்று, தமக்குள் அதை அதிகமாகச் சேர்த்துக்கொள்வது. அதைப் பாட்டிலில் அடைத்து வெளியிலிருந்தும் ஊட்டுவதற்குக் காசு வாங்குகிறார்கள். இதே குளூட்டாதையோன் எதற்குப் பேர்போனது தெரியுமா? தோலை வெளுப்பாக்க. கல்யாணத்துக்கு முன் கறுப்புப் பெண்ணைச் சிவப்பாக்குவோம் என்று விற்ற அதே பாட்டிலை, அவள் நோயில் விழும்போது வேறு பெயரில் விற்கிறார்கள். முதலில் உன் நிறம் குறை, பிறகு உன் எதிர்ப்பு சக்தி குறை. குறை கண்டுபிடித்தால்தானே கடை ஓடும்.

செடிக்கும் எனக்கும் பகையில்லை

“இயற்கை வைத்தியத்தை மட்டம் தட்டுகிறாய்” என்று சில தோழிகள் வருத்தப்படுவார்கள். அவர்களை நித்தியகல்யாணிச் செடியிடம் அழைத்துப் போக விரும்புகிறேன். சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வோம். வெள்ளையும் ஊதாச் சிவப்புமாகப் பூத்து, ஆடு மாடு வாய் வைக்காமல் நிற்கும். தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் ஏற்றுமதிக்காகவே பயிரிடுகிறார்கள். பல நாடுகளில் மக்கள் இதைச் சர்க்கரை நோய்க்குக் குடித்துவந்தார்கள். 1950களில் கனடாவில் அதைச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, எலிகளின் வெள்ளையணுக்கள் குறைந்தன. வெள்ளையணு கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுக்கு இது உதவுமோ என்ற கேள்வி பிறந்தது. வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் அப்படி வந்தவை. ரத்தப் புற்று வந்த குழந்தைகள் இன்று பிழைப்பதில் வின்கிறிஸ்டினுக்குப் பெரும் பங்கு உண்டு. கிராம் கணக்கு மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை தேவை. அளவு மீறினால் விஷம். இலையை வீட்டில் கொதிக்கவைத்துக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

மார்பகப் புற்றுக்கும் சூலகப் புற்றுக்கும் கொடுக்கும் பாக்ளிடாக்சலும் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்ததுதான், பசிபிக் யூ மரம். அது புற்றணுவை எப்படித் தடுக்கிறது என்று 1979இல் கண்டுபிடித்தவர் சூசன் ஹார்விட்ஸ் என்ற பெண் விஞ்ஞானி. 1992இல் அமெரிக்காவில் சூலகப் புற்றுக்கு அனுமதி கிடைத்தது. ஆகவே ‘கீமோ ரசாயனம், மூலிகை இயற்கை’ என்ற பிரிவினையே பொய். கீமோ வார்டில் தொங்கும் பாட்டில்கள் சிலவற்றில் இருப்பது செடிதான். சோதனையில் தேறிய செடி, அளந்து ஊற்றிய செடி.

சோதிக்காமல் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2017இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 30 வயதுப் பெண் ஒருவர் தோல் அரிப்பு நோய்க்காகக் குர்குமினை நரம்பில் ஏற்றிக்கொண்டார். சற்று நேரத்தில் இதயம் நின்றது, இறந்துபோனார். அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தைச் சோதித்தது. லேபிளில் சொன்ன குர்குமினில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் உள்ளே இருந்தது. கரைக்கப் பயன்படுத்திய எண்ணெய்ப் பொருளில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. நம் அம்மாக்கள் குழம்பில் போடும் மஞ்சளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாப்பிடும் பொருள் ஒன்று, ரத்தத்தில் நேரடியாகக் கலக்கும் பொருள் வேறு.

மிசில்டோவுக்குப் பின்னால் பெண்ணியத்தோடு நெருங்கிய கதை இருக்கிறது. 1917 வாக்கில் அதைப் புற்றுக்கு முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஈத்தா வெக்மன் என்ற பெண் மருத்துவர். நாமெல்லாம் மதிக்கும் கறுப்பினக் கவிஞர் ஆட்ரே லார்ட், மார்பகப் புற்று கல்லீரலுக்குப் பரவியபின் 1980களின் நடுவில் பெர்லினிலும் சுவிட்சர்லாந்திலும் மிசில்டோ ஊசி போட்டுக்கொண்டார். 1992 வரை வாழ்ந்தார், எழுதினார். பாருங்கள், ஆட்ரே லார்டே செய்தார் என்று எடுத்துக்காட்டுபவர்கள் உண்டு. அவர் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன். தேடிப் படித்து, எதை மறுக்கிறோம் என்று அறிந்து, பயத்தை மறைக்காமல் எழுதி எடுத்த முடிவு அது. ஆனால் ஒருவருடைய வாழ்க்கை இன்னொருவருக்கான மருந்துச்சீட்டு அல்ல. சுவீடனில் முற்றிய கணையப் புற்று உள்ள 290 பேரிடம் மிசில்டோவைச் சோதித்து 2024இல் வெளியிட்ட முடிவில், ஆயுளும் கூடவில்லை, வாழ்க்கைத் தரமும் உயரவில்லை. லார்டிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் கேட்ட கேள்விகளை.

அவள் பிழைத்தால் எலுமிச்சை, செத்தால் அவள் தவறு

2024 நவம்பரில் முன்னாள் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து பத்திரிகையாளர்களைக் கூட்டினார். நான்காம் நிலைப் புற்றிலிருந்து தன் மனைவி மீண்டதை அறிவித்தார். எலுமிச்சைத் தண்ணீர், பச்சை மஞ்சள், வேப்பிலை, சர்க்கரையை விட்டது என்று உணவுமுறையை விவரித்தார். அவர் மனைவி நவ்ஜோத் கவுர், தானே ஒரு மருத்துவர். அறுவை சிகிச்சையும் கீமோவும் எடுத்துக்கொண்டவர். ஆனால் நாடெங்கும் பரவியது எலுமிச்சை மட்டும். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் இன்றைய, முன்னாள் மருத்துவர்கள் 262 பேர் கையெழுத்திட்டு, நிரூபணமாகாத வைத்தியத்தை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. மருத்துவர்களின் ஆலோசனையோடுதான் செய்தோம் என்று சித்துவும் பிறகு விளக்கம் சொன்னார்.

எனக்கு உறுத்துவது, இந்தக் கதைகளில் பெண்ணின் உடலைப் பற்றி யார் பேசுகிறார்கள் என்பது. வீட்டிலும் அதேதான். எந்த வைத்தியம் என்று கணவர் முடிவு செய்கிறார், மைத்துனர் காசு கணக்குப் பார்க்கிறார், மாமியார் பத்தியம் சொல்கிறார். சாறு பிழிவது யார்? ஒரு நாளைக்கு 13 கோப்பைச் சாறு குடிக்கச் சொல்லும் கெர்சன் முறை என்று ஒன்று இருக்கிறது. காய்கறி கழுவி, நறுக்கி, பிழிந்து, பாத்திரம் விளக்க ஒரு பெண்ணின் முழுநாளும் போகும். மகளுக்குப் பள்ளி நின்றுபோகும், அல்லது நோயாளியே எழுந்து பிழிவாள்.

பலிக்காதபோது வரும் பேச்சு இன்னும் மோசம். “பத்தியத்தை ஒழுங்கா இருக்கலை.” “மனசுல நம்பிக்கை இல்லை.” “ஒளிச்சு வெச்சு இனிப்பு சாப்பிட்டிருப்பா.” கீமோ தோற்றால் மருந்து தோற்றது என்கிறோம். இந்த வைத்தியங்கள் தோற்றால் பெண் தோற்றாள் என்கிறார்கள். ஊருக்கு மழை பெய்வதும் பெய்யாததும் பெண்ணின் கற்பில் என்று சொன்ன சமூகத்துக்கு, புற்று கரைவதும் கரையாததும் அவளுடைய ஒழுக்கத்தில் என்று சொல்லக் கற்றுத்தர வேண்டுமா?

அந்தப் போர்வையை நாம் கேட்டு வாங்க வேண்டும்

இவ்வளவு தெரிந்தும் பெண்கள் ஏன் போகிறார்கள்? அண்ணியிடம் கேட்டேன். “அங்க போனா சாஞ்சுக்க நாற்காலி இருக்கு. குளிருதான்னு கேட்டுப் போர்வை போத்துவாங்க. சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரியில என் முகத்தைப் பாத்து யாரு பேசினா?” என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை, மருத்துவமனைகளிடம் இருக்க வேண்டும். ஐந்து மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிடம் டாக்டரைப் பார்க்கும் பெண், குமட்டலையும் வாய்ப்புண்ணையும் படுக்கையில் கணவன் தொட வரும்போது வரும் பயத்தையும் யாரிடம் சொல்வாள்? கேட்கப்படாத இந்தப் பேச்சின் மேல்தான் அந்த மையங்கள் கட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் விற்பது வைட்டமின் அல்ல, ஒரு மணி நேரக் கவனிப்பு.

இதில் உள்ள கொடூரமான வேடிக்கை, அந்தக் கவனிப்புக்குத்தான் சான்று இருக்கிறது. பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்று உள்ள 151 பேரில் பாதிப் பேருக்கு, நோய் கண்ட உடனேயே வலி நிவாரணக் குழுவின் கவனிப்பும் கிடைக்கச் செய்தார்கள். வலி, பயம், குடும்பம், இனி என்ன என்பதையெல்லாம் உட்கார்ந்து பேசும் குழு. 2010இல் வந்த முடிவில் அவர்களுக்கு மனச்சோர்வு குறைவு. கடைசிக் காலத்தில் வீண் சிகிச்சைகள் குறைவு. சராசரியாக 11.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம். நடைப்பயிற்சியும் யோகாவும் புற்றுநோயாளிகளின் சோர்வைக் குறைக்கின்றன என்பதற்கும் சான்று உண்டு. துணை சிகிச்சை என்ற பெயருக்குத் தகுதியானவை இவை. இவற்றில் காசு அதிகம் புரளாது, அதனால் விளம்பரத் தாளும் இல்லை.

வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. அதுவும் ஒரு செடியிலிருந்து வருவதுதான். 1985இன் போதைப்பொருள் சட்டம் அதை நோயாளிகளுக்கு எட்டாக்கனியாக்கியது. 2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்றும் எத்தனை அரசு மருத்துவமனைகளில் கேட்டதும் கிடைக்கிறது? பெண் வலி தாங்கப் பிறந்தவள் என்ற பேச்சு மருந்து அலமாரி வரைக்கும் நீள்கிறது.

முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்கு 1923இல் பறிகொடுத்தார். சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் திறக்கும் வரை முப்பது ஆண்டுகள் அந்தத் துக்கத்தைக் கோரிக்கையாக மாற்றிக்கொண்டே இருந்தார். அதே 1954இல்தான் புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைக் குற்றமாக்கும் மருந்துகள் மற்றும் மாய வைத்தியங்கள் சட்டமும் வந்தது. மருத்துவமனை வேண்டும், பொய் விளம்பரம் கூடாது. இரண்டு கோரிக்கையும் எழுபது வயதாகி இன்னும் பாதியில் நிற்கின்றன.

ஆகவே நம் வேலை இரண்டு. மருத்துவமனையிடம் கேட்போம்: ஒவ்வொரு மாவட்டத்திலும் வலி நிவாரணப் பிரிவு, கீமோ வார்டில் பேசிக் கேட்க ஒரு ஆள், தாய்மொழியில் எழுதிய ஒப்புதல் படிவம், சாய்ந்துகொள்ள ஒரு நாற்காலி, ஒரு போர்வை. பாட்டிலோடு வருகிறவரிடமும் கேட்போம்: இதில் என்ன இருக்கிறது, எவ்வளவு? என்னைப் போன்ற நோயுள்ள எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? முடிவு எங்கே வெளியானது? என் சிறுநீரகத்தையும் ரத்தத்தையும் பார்த்தீர்களா? என் கீமோ மருந்தோடு இது சேருமா என்று என் புற்றுநோய் மருத்துவரிடம் நீங்களே பேசுவீர்களா? சொன்னதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?

பதில் சொன்னால் யோசிக்கலாம். “நம்பிக்கை வேணும்மா” என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நகையை அடகு வைப்பதற்கு முன் கேளுங்கள். பயத்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்காக, அக்காவுக்காக, பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்காக நீங்கள் கேளுங்கள். என் உடல் என் முடிவு என்பதற்கு அர்த்தம், என் ரத்தத்தில் கலப்பதன் பெயர், அளவு, ஆபத்து எல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான்.